வேலில படர்ற பாஸிஃப்ளோராவுக்குச் சரியான பேரு எது, குழப்பத்தை எப்படி அவிழ்க்கறது

எங்க ஊரு மலேசியாவுல இருக்கற பெஸ்தாரி ஜெயா. 2007ல பேர மாத்தினாங்க, அதுக்கு முன்னாடி பத்தாங் பெர்ஜுந்தை, தோட்டத்துல பொறந்து வளர்ந்த பெரியவங்க இன்னிக்கும் பழைய பேரத்தான் சொல்வாங்க, அதனால யாரும் வழி மாறிப் போனதில்ல. ஊரு ஒண்ணு பேரு ரெண்டு, அவ்வளவுதான். ஆனா எங்க லைன் வீட்டுல ரெண்டு லெட்சுமி இருந்தாங்க, கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) கூப்பிட்டா ரெண்டு பேரும் திரும்பிப் பார்ப்பாங்க, ஒருத்தங்களுக்கு வந்த கடுதாசி இன்னொருத்தங்க கைக்குப் போயிடும். அது வேற குழப்பம், பேரு ஒண்ணு ஆளு ரெண்டு. செடி பேருல வர்ற சிக்கல் பெரும்பாலும் இந்த ரெண்டுல ஒண்ணாத்தான் இருக்கும், எதுன்னு முதல்ல பிரிச்சுப் பார்க்காம இறங்கினா முடிச்சு இன்னும் இறுகும்.

நானே அப்படித்தான் இறுக்கிட்டேன். தோட்டத்து மாரியம்மன் கோயில் வேலில பாஸிஃப்ளோரா, அதாவது பேஷன் ஃப்ரூட் சாதிக் கொடி ஒண்ணு, ரத்தச் சிவப்புல பூக்கும், அதுல ஒரு குச்சி வாங்கித்தான் என் வீட்டுலயும் நட்டேன். பக்கத்து டவுன்ல ஒரு நர்சரில அதே கொடி வித்தாங்க, அட்டையில பாஸிஃப்ளோரா கொக்கினியான்னு எழுதியிருந்துச்சு, ஃபோன் ஆப்ல படம் எடுத்துக் கேட்டாலும் அதே பேருதான் வந்துச்சு. தமிழ்ப்பள்ளி டீச்சர் ஒருத்தங்க ஸ்கூல் தோட்டத்துக்கு போர்டு எழுதணும்னு வந்தாங்க, "அண்ணே, ஒரு இடத்துல கொக்கினியான்னு இருக்கு, இன்னொரு இடத்துல மினியாட்டான்னு இருக்கு, எத எழுதட்டும்?"னு கேட்டாங்க. நான் யோசிக்காம "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர், ஒண்ணு பழைய பேரு ஒண்ணு புதுப் பேரு"ன்னு சொல்லிட்டேன். தப்பு. ரெண்டு லெட்சுமி கதைய ஊரு பேரு கதைன்னு நினைச்சுட்டேன், பிள்ளைங்க படிக்கற போர்டுல அது ஏறியிருந்தா எனக்குத் தூக்கம் வந்திருக்காது. அப்புறம் உக்காந்து தேடினப்போ எந்த வரிசையில பார்த்தா தெளிவா வருதுன்னு புரிஞ்சுச்சு, அதைத்தான் இங்க எழுதறேன்.

முதல்ல ஊர்ப் பேர நம்பி முடிவு பண்ணாதீங்க. நம்ம பக்கம் லெத்துப் லெத்துப்னு சொன்னா சிலர் சிறுபூனைக்காலியக் காட்டுவாங்க, செம்பனைக் காட்டு ஓரத்துல படர்ந்து கிடக்குமே, பஞ்சு வலை போட்ட மாதிரி மூடின சின்னப் பழம், அது பாஸிஃப்ளோரா ஃபீட்டிடா. இன்னும் சிலர் அதே பேரச் சொல்லி சொடக்குத் தக்காளியக் காட்டுவாங்க, அது தக்காளி கத்திரிக்காய் குடும்பம், இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, ரெண்டையும் அமுக்கினா பட்டுனு வெடிக்கும்கறதுதான் ஒத்துமை. புவா சூசுன்னு கேட்டாலும் இப்படித்தான், ஒரு வீட்டுல மார்கிசாவ நீட்டுவாங்க, அது பாஸிஃப்ளோரா எடுலிஸ், இன்னொரு வீட்டுல லாரிஃபோலியாவ நீட்டுவாங்க, பிளவு இல்லாத தடிச்ச இலை, மஞ்சளா பழுக்கற பழம். ஊர்ப் பேரு தப்புன்னு நான் சொல்லல, அது நம்ம சொத்து, குறிச்சு வெச்சுக்கணும், யார் எந்தத் தோட்டத்துல அப்படிச் சொன்னாங்கன்னும் சேர்த்து எழுதி வெச்சா நல்லது. ஆனா அத வெச்சு லத்தீன் பேர முடிவு பண்ண முடியாது.

அடுத்தது செடிகிட்டயே போங்க, புத்தகத்துக்கு முன்னாடி செடிதான். பத்து மடங்கு பெரிசாக் காட்டற லென்ஸ் ஒண்ணு இருந்தாப் போதும். பாஸிஃப்ளோராவுல எல்லாரும் பூவத்தான் பார்ப்பாங்க, ஆனா குழப்பம் தீர்றது பாதிக்கு மேல இலைக்காம்புலதான். காம்புல குட்டிக் குட்டியா மொட்டு மாதிரி சுரப்பி இருக்கும், தேன் கசியும், எறும்பு வந்து நக்கிட்டிருக்கும், எறும்பு எங்க நிக்குதுன்னு பார்த்தாலே சுரப்பி எங்கன்னு கண்டுபிடிச்சுடலாம். எத்தனை இருக்கு, காம்பு நடுவுலயா நுனியிலயா, உருண்டையா கிண்ணம் மாதிரியா, இத ஒரு இலையில மட்டும் பார்க்காம பத்து இலையிலயாவது எண்ணுங்க, இலைக்கு இலை கொஞ்சம் மாறும். இலைக்காம்பு தண்டுல சேர்ற இடத்துல இலையடிச் செதில் இருக்கும், அது நூல் மாதிரியா அகலமா. தண்டு உருண்டையா இல்ல நாலு பக்கமும் தகடு மாதிரி நீட்டிட்டு இருக்கா, விரல்ல உருட்டிப் பார்த்தாத் தெரியும். இலை பிளவா முழுசா, ஓரம் வழவழப்பா பல்லு பல்லா.

பூவுல இதழ் நிறம் மட்டும் போதாது, நடுவுல வட்டமா நிக்கற நூல் நூலா இருக்கறத பாருங்க, எத்தனை வரிசை, வெளி வரிசை என்ன நிறம் உள் வரிசை என்ன நிறம்னு அப்பவே எழுதுங்க, காய்ஞ்சா நிறம் போயிடும். பூ எத்தனை மணிக்கு விரியுதுன்னும் குறிச்சுக்கோங்க. ஊதா மார்கிசா விடியல்ல விரிஞ்சு மத்தியானத்துக்குள்ள மூடிக்கும், மஞ்சள் மார்கிசா மத்தியானம்தான் விரியும், ஆனா ரெண்டும் எடுலிஸ்தான், 1818ல சிம்ஸ் வெச்ச பேரு, மஞ்சள் அதுக்குள்ள ஒரு ரகம், 1932ல டெகனர் தனியாப் பேரு குடுத்தாரு. அதனால வேற மாதிரி இருந்தாலே வேற இனம்னு அவசரப்படவும் கூடாது.

ஒரு கிளைய பேப்பர் நடுவுல வெச்சு அமுக்கி காய வெச்சுடுங்க, பூ ஒண்ண நீளவாக்குல பிளந்து வெச்சா உள்ள இருக்கறது பின்னாடி தெரியும். நம்ம ஊரு ஈரத்துக்கு தினமும் பேப்பர் மாத்தணும், இல்லன்னா பூஞ்சை பிடிச்சுடும். தேதி, இடம், யார் பறிச்சதுன்னு சீட்டு அவசியம், சீட்டு இல்லாத காய்ஞ்ச இலை வெறும் சருகுதான்.

இப்பதான் பேருக்கு வரணும். லத்தீன் பேரு ரெண்டு சொல்லுன்னு நினைக்கறோம், அதுக்கு ஒரு வாலு இருக்கு, யாரு வெச்சது எப்ப வெச்சதுன்னு. அந்த வால வெட்டிட்டு எழுதறதுலதான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்குது. எல்னு ஒரே எழுத்து இருந்தா லின்னேயஸ், செடிக்கெல்லாம் ரெண்டு சொல்லுல பேரு வெக்கற முறையக் கொண்டு வந்தவரு. செடி பேருக்கெல்லாம் கணக்குத் தொடங்கறது 1753ல வந்த அவரோட புத்தகத்துல இருந்து, அதுக்கு முன்னாடி கிரனடில்லா, பேஷன் பூன்னு வரி வரியா எழுதி வெச்சிருந்தத எல்லாம் பேருன்னு எடுத்துக்க மாட்டாங்க. ஃபீட்டிடாவும் லாரிஃபோலியாவும் அந்த 1753 புத்தகத்துலயே இருக்கு. அதுக்கப்புறம் ஒரே செடிக்கு ரெண்டு பேரு வந்துட்டா முன்னாடி முறையா அச்சானது நிக்கும், பின்னாடி வந்தது விழுந்துடும். ஊருக்கு புதுப் பேரு ஜெயிக்கும், செடிக்கு பழைய பேரு ஜெயிக்கும், இது ஞாபகம் இருந்தா போதும்.

இதுக்கு உதாரணம் எங்க கம்பத்துக்கு (கிராமத்துக்கு) போற வழியில ஒரு வீட்டுப் பந்தல்ல தொங்கற ராட்சசப் பழம், ஒரு அடி நீளம் வரும். பழைய தோட்டக்கலைப் புத்தகத்துல பாஸிஃப்ளோரா மாக்ரோகார்ப்பான்னு பார்ப்பீங்க, மாஸ்டர்ஸ் 1869ல வெச்சது. ஆனா அதே செடிக்கு லின்னேயஸ் 1759லயே குவாட்ராங்குலாரிஸ்னு வெச்சுட்டாரு, அதனால மாக்ரோகார்ப்பா விழுந்துடுச்சு. இது சுத்தமான ஊரு பேரு கதை, வருஷத்தைப் பார்த்தாலே தீர்ந்துடும். ஆனா இதே செடிய சிலர் அலாட்டான்னு சொல்வாங்க, அது அப்படித் தீராது, ஏன்னா அலாட்டாங்கறது வேற இனம், கர்டிஸ் 1788ல வெச்ச பேரு, நல்லாவே நிக்குது. அலாட்டான்னா றெக்கை உள்ளதுன்னு அர்த்தம், தண்டுல தகடு இருக்கறதால அந்தப் பேரு, ஆனா குவாட்ராங்குலாரிஸ் தண்டுலயும் அதே தகடு இருக்கே! பேருக்கு அர்த்தம் பார்த்து செடி கண்டுபிடிக்கப் போனா இப்படித்தான் மாட்டிப்போம். இங்க லென்ஸ்தான் கைகுடுக்கும். குவாட்ராங்குலாரிஸ் இலைக்காம்புல பெரும்பாலும் ஆறு சுரப்பி, மூணு ஜோடியா, இலையடிச் செதில் முட்டை வடிவத்துல நல்லா அகலம். அலாட்டாவுல ரெண்டு இல்ல நாலு, செதில் ஒடுக்கம், பழமும் கைக்குள்ள அடங்கற அளவு. அந்தப் பந்தல்ல வீட்டுக்கார அக்கா ஸ்டூல் போட்டுக் குடுத்தாங்க, பதினாலு இலை எண்ணினேன், பன்னெண்டுல ஆறு, ரெண்டுல அஞ்சு. பழம் பழுக்கறதுக்குக் காத்திருக்கவே வேண்டியதில்ல.

இப்ப கோயில் வேலிச் சிவப்புப் பூ. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்து ஆன்லைன் பட்டியல்ல போய் கொக்கினியான்னு தேடுங்க, ஏத்துக்கப்பட்ட பேருன்னு வரும். இங்கதான் எல்லாரும் நிம்மதியா எழுந்து போயிடறாங்க. பட்டியல் என்ன சொல்லுது? அப்படி ஒரு இனம் இருக்கு, அந்தப் பேரு செல்லும், அவ்வளவுதான். உங்க வேலில இருக்கறது அதுதானான்னு அதுக்கு எப்படித் தெரியும்? லெட்சுமிங்கற பேருல ஒரு ஐசி, அதாவது அடையாள அட்டை, இருக்குன்னு ஆபீஸ்ல சொல்வாங்க, வாசல்ல நிக்கறது எந்த லெட்சுமின்னு போய்ப் பார்த்தாத்தான் தெரியும். ஃபோன் ஆப்பும் அப்படித்தான், ஜனங்க என்ன பேரு போட்டு படம் ஏத்தினாங்களோ அதத்தான் படிச்சிருக்கு, வருஷக்கணக்கா தப்புப் பேருல ஏறின படத்த வெச்சுக்கிட்டு தப்பத்தான் திருப்பிச் சொல்லும்.

அதனால பேரு முதல்ல எந்தச் செடிக்கு வெச்சாங்களோ அந்தச் செடிகிட்ட போகணும். ஒவ்வொரு பேரும் ஒரு காய்ஞ்ச மாதிரியிலயோ ஒரு படத்துலயோ ஆணி அடிச்ச மாதிரி நிக்கும், அத டைப்னு சொல்வாங்க, பேரு யாருக்குச் சொந்தம்னு தகராறு வந்தா அதுதான் சாட்சி. கொக்கினியா பேர வெச்சவரு ஓப்லே, பிரெஞ்சு கயானாவுல செடி சேகரிச்சவரு, 1775ல படத்தோட புத்தகம் போட்டாரு. இந்த மாதிரி பழைய புத்தகம் நிறைய ஸ்கேன் பண்ணி பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரில இலவசமா வெச்சிருக்காங்க, பக்கம் நம்பர் தெரியலன்னா ஐப்னிங்கற செடிப் பேரு பட்டியல்ல பேரு போட்டா எந்தப் புத்தகம் எந்தப் பக்கம்னு வந்துடும். உலகம் பூரா வேலில வளர்க்கற சிவப்புக் கொடி அந்த ஓப்லே செடி இல்லன்னு கண்டுபிடிச்சு எழுதினவரு இங்கிலாந்துல பாஸிஃப்ளோராவே வாழ்க்கையா இருந்த ஜான் வாண்டர்பிளாங்க். 2006ல கர்டிஸ் தாவரப் பத்திரிகையில அதுக்கு மினியாட்டான்னு தனிப் பேரு குடுத்தாரு. அலாட்டாவும் எடுலிஸும் வந்த அதே பத்திரிகைதான், இருநூறு வருஷத்துக்கு மேல ஆகியும் இன்னும் செடிக்குப் பேரு வெச்சுட்டு இருக்குன்னு நினைக்கும்போது எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. மினியம்னா ஈயச் செந்தூரம், அந்தச் சிவப்பு. கொக்கினியான்னாலும் சிவப்புதான், அதனால அர்த்தம் இங்கயும் உதவாது.

இந்த ரெண்டு பேரும் ஒண்ணுக்கொண்ணு பழசு புதுசு இல்ல. ரெண்டும் செல்லும், ரெண்டு வேற செடிக்கு. நம்ம பக்கம் நடந்தது என்னன்னா ஒரு செடியோட பேர இன்னொண்ணு தலையில கட்டிட்டாங்க, யாரும் வேணும்னு பண்ணல, 2006 வரைக்கும் அந்தச் செடிக்குன்னு ஒரு பேரே இல்லையே. வேலிச் செடில நான் பார்த்தது: இலை முழுசு, பிளவு இல்ல, ஓரம் பல்லு பல்லா, பூ நடுவுல வெளி நூலெல்லாம் கருஞ்சிவப்பு ஊதா, உள்ள வெள்ளை. இது மினியாட்டாவோட ஒத்துப்போகுது. இலை திராட்சை இலை மாதிரி மூணா பிளந்திருந்தா இந்தச் சண்டையே இல்ல, அது விட்டிஃபோலியா, சிவப்புப் பூதான், 1817லயே குந்த் வெச்ச பேரு.

உங்க செடில சந்தேகம் தீரலன்னா காய்ஞ்ச மாதிரியையும் படத்தையும் எடுத்துக்கிட்டு ஹெர்பேரியத்துக்கு, அதாவது காய்ஞ்ச செடி மாதிரிகளச் சேர்த்து வெக்கற இடத்துக்கு, எழுதுங்க, கெப்போங்ல ஃப்ரிம்ங்கற காட்டு ஆராய்ச்சி நிலையத்துல இருக்கு, மலாயாப் பல்கலைக்கழகத்துல ரிம்பா இல்முல இருக்கு. வெறும் பூ படம் ஒண்ண மட்டும் அனுப்பி "இது என்ன?"ன்னு கேட்காதீங்க, இலைக்காம்பு, செதில், தண்டு எல்லாம் கிட்ட வெச்சு எடுத்த படம், பக்கத்துல ஸ்கேல் வெச்சு, எந்த ஊரு எந்த தேதின்னு எழுதி அனுப்பினா பார்க்கறவங்களுக்கு வேலை சுலபம்.

கடைசியா போர்டு எழுதற விதம். புதுப் பேர மட்டும் எழுதிட்டு பழசத் துடைச்சுடாதீங்க, நாளைக்கு நர்சரி அட்டையப் பார்த்துட்டு வர்ற பிள்ளை இது வேற செடின்னு நினைச்சுக்கும். விழுந்துபோன பேரா இருந்தா சமம்னு எழுதலாம், குவாட்ராங்குலாரிஸ் எல். 1759, மாக்ரோகார்ப்பாவும் இதுதான்னு. தப்பா ஒட்டின பேரா இருந்தா சமம்னு போடவே கூடாது, அந்த ஒரு சொல்லால ரெண்டு செடியும் ஒண்ணாயிடும். ஹெர்பேரியத்துல பழைய சீட்டக் கிழிக்க மாட்டாங்க, புதுச் சீட்ட பக்கத்துல ஒட்டி பார்த்தவங்க பேரும் வருஷமும் போடுவாங்க, நாமளும் அப்படியே செய்யலாம். டீச்சர் போர்டுல இப்ப இப்படி இருக்கு, பெரிய எழுத்துல பாஸிஃப்ளோரா மினியாட்டா வாண்டர்பிளாங்க் 2006, அதுக்குக் கீழ சின்னதா, கொக்கினியான்னு விக்கறாங்க, ஆனா ஓப்லே 1775ல சொன்ன கொக்கினியா இது இல்ல, அதுக்கும் கீழ, குச்சி குடுத்தது தோட்டத்து மாரியம்மன் கோயில் வேலி.