ராக்கெட்டைக் கட்டிப்போட்டு எரிப்பது எப்படி?

பெரிய ராக்கெட்டைப் பறக்கவிடாமல் கட்டிவைத்து எஞ்சினை எரித்துப் பார்க்கச் சோதனை மேடை கட்டப் போகிறீர்களா, முதலில் எஃகு விலையை விசாரிக்காதீர்கள், நிலத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் மிசிசிப்பியில் இருக்கும் நாசாவின் ராக்கெட் சோதனைத் தளமான ஸ்டெனிஸ் மையத்தின் உள்வளாகம் சுமார் 13,500 ஏக்கர்தான். ஆனால் சத்தத்துக்காகச் சுற்றிலும் சுமார் 1,25,000 ஏக்கரில் யாரும் குடியிருக்கக் கூடாது என்று ஒதுக்கிவிட்டார்கள். அதற்காக 1960களில் ஐந்து ஊர்கள் காலியாயின, மையத்தின் பெருமை பேசுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். நீர்வழியும் வேண்டும். மனிதனை நிலவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதல் அடுக்கு 10 மீட்டர் விட்டம், அதை எந்த லாரியில் ஏற்றுவது? கால்வாய் வெட்டி, மேடைக்குப் பக்கத்திலேயே தெப்பத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

அப்புறம் மேடை. ராக்கெட்டைத் தாங்கினால் போதும் என்று நினைத்தால் பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறீர்கள். அங்கே பி-2 மேடையில் 2021-இல் எரித்த, நாசாவின் புதிய நிலவு ராக்கெட்டான எஸ்எல்எஸ்-இன் மைய அடுக்கு, எரிபொருள் நிரப்பினால் ஆயிரம் டன்னுக்கு மேல். நான்கு எஞ்சின்களின் உந்துவிசை எழுநூறு டன் சொச்சம். அதனால் பற்றவைத்த பிறகும் அது கீழேதான் அழுத்திக்கொண்டிருக்கும். தொட்டி காலியாகக் காலியாக அழுத்தம் குறைந்து, ஒரு கட்டத்தில் மேலே இழுக்கத் தொடங்கி, கடைசியில் அறுநூறு டன்னுக்கு மேல் இழுக்கும். எட்டே நிமிடத்தில் சுமை தலைகீழாகிறது, போல்ட் முதல் அஸ்திவாரம் வரை இரண்டுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

நெருப்பைத் திருப்பிவிட அடியில் வளைந்த எஃகுத் தகடு வைப்பார்கள். வெறும் தகடு உருகிவிடும், ஆகவே அதில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஓட்டைகள் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். ஸ்டெனிஸில் இதற்கென்றே 25 கோடி லிட்டர் பிடிக்கும் நீர்த்தேக்கம் இருக்கிறது, குழாய்க் கிணறு தோண்டிச் சமாளிக்கிற வேலை இல்லை.

எரிபொருளை எரிக்க வேண்டிய திரவ ஆக்சிஜன் வரும் குழாய்களில் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இருக்கக் கூடாது, தீப்பிடிக்கும்.

சரி, முதல் நாளே முழு நேரமும் ஓட வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அந்த எஸ்எல்எஸ் அடுக்கே ஜனவரியில் 67 நொடியில் தானாக நின்றுவிட்டது. எஞ்சின்களைத் திசைதிருப்பும் ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) அமைப்புக்கு வேண்டுமென்றே இறுக்கமாக வைத்திருந்த வரம்பை அளவு தாண்டியதுதான் காரணம், அடுக்குக்குச் சேதமில்லை. மார்ச்சில் எட்டு நிமிடத்துக்கு மேல் எரிந்தது. நம் மகேந்திரகிரியில் இருக்கும் இஸ்ரோ சோதனைத் தளத்தில், மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரிக்கும் செமிகிரையோ எஞ்சினின் முக்கியப் பகுதியை 2025 மார்ச்சில் முதல்முறை வெற்றிகரமாக எரித்துப் பார்த்தபோது திட்டமிட்டதே 2.5 நொடிதான்.