பின்பக்க காலிப்பரை எங்கே வைப்பது? வெல்டிங்குக்கு முன்பே நடக்கும் தவறுகள்

பழைய பிக்கப்புக்கு அடியில் ஃபோர்டு 9 அங்குல பின் ஆக்சிலைப் பூட்டி, டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போடுவது, பழைய வண்டிகளை மாற்றியமைக்கும் அமெரிக்க ஹாட் ராட் பட்டறைகளில் சர்வசாதாரணம். 1957 மாடல் கார்களில் அறிமுகமான ஆக்சில் அது. பெரும்பாலும் டிரம்மோடுதான் வந்தது. அதனால் டிஸ்கை இருபுறமும் இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர் எங்கே உட்கார வேண்டும் என்பதை நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

நான் முதன்முதலில் செய்தபோது, ஷாக் அப்சார்பர் இடித்ததால் பின்னால் இருக்க வேண்டிய காலிப்பர்களை ஆக்சிலுக்கு முன்னால் கொண்டுவந்தேன். இடது காலிப்பர் இடதுபக்கமே இருந்தது. காற்றை வெளியேற்றத் திறக்கும் பிளீடர் திருகு தரையைப் பார்த்தது. எவ்வளவு பிரேக் ஆயில் ஊற்றினாலும் பெடல் பஞ்சு மாதிரியே அமுங்கியது. பின்னே, காற்று மேலே போய் நிற்கும்போது அதற்குக் கீழே கதவைத் திறந்து வைத்தால் எப்படி வெளியேறும்? முன்னால் கொண்டுவந்தால் இடதையும் வலதையும் மாற்றிப் போட வேண்டும். சரி, மாற்றியாயிற்று என்று நிமிர்ந்தால் அடுத்த சிக்கல்: ஹேண்ட் பிரேக் நெம்புகோலும் காலிப்பரோடு சேர்ந்து திரும்பிவிடும். முன்னாலிருந்து இழுத்த கேபிள் இப்போது பின்னாலிருந்து இழுக்க வேண்டும். வெட்டுவதற்கு முன்பே கேபிள் போகும் வழியைப் பார்த்துவிடுங்கள். நேர் உச்சியில், அதாவது 12 மணி இடத்தில் வைத்தாலும் சிக்கல்தான். பல காலிப்பர்களில் பிளீடர் பக்கவாட்டில் படுத்துவிடும்.

முன்னால் வைத்தால் பிரேக் போடும்போது வண்டியின் பின்புறம் தூக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் ஆக்சில் குழாயோடு வெல்டாகி இருந்தால் அதில் உண்மை இல்லை. முறுக்குவிசை முழுவதும் ஆக்சிலுக்குத்தான் போகிறது. காலிப்பர் எந்த மணியில் இருந்தாலும் ஸ்பிரிங்குக்கோ லிங்க் கம்பிகளுக்கோ அது ஒன்றுதான். பின்னால் வைப்பதில் பேரிங் மீதான சுமை கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் சாலையில் ஓட்டும் வண்டிக்கு அதற்காக மெனக்கெட வேண்டாம்.

பினியன் கோணத்தை, அதாவது டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சில் மூக்கின் சாய்வைச் சரிசெய்யும் முன்பே பிராக்கெட்டை வெல்டு செய்வது இன்னொரு வீண் வேலை. பினியனை இரண்டு டிகிரி தூக்கினால் காலிப்பரும் இரண்டு டிகிரி சுழலும். ஸ்டாண்டில் நிற்கும்போது இடைவெளி தாராளமாகத் தெரியும். அதை நம்பக் கூடாது. ஸ்பிரிங்கைக் கழற்றி, ஆக்சிலை முழுதாக மேலே தூக்கியும் தொங்கவிட்டும் பாருங்கள். அப்புறம் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிப் பாருங்கள். லீஃப் ஸ்பிரிங்கின் யூ போல்ட், ஷாக்கின் அடிப்பகுதி, பிரேக் ஹோஸ் எல்லாம் அப்போதுதான் உரசும். நகரும் காலிப்பருக்கு உலோகக் குழாயை நேராகப் பூட்டிவிடாதீர்கள். பேட் தேயத் தேய காலிப்பர் நகரும், அதனால் அங்கே ஹோஸ் கட்டாயம்.

தண்டை உள்ளே சி வடிவக் கிளிப் பிடித்திருக்கும் சி கிளிப் வகை ஆக்சிலில் தண்டு உள்ளும் வெளியும் சற்று ஆடும். அதில் நகராத காலிப்பரைப் பூட்டினால் டிஸ்க் பிஸ்டன்களைப் பின்னே தள்ளிவிடும். அடுத்த முறை பெடல் ஆழமாக இறங்கும். அங்கே நகரும் காலிப்பரே நல்லது.

எல்லாம் பார்த்தபின் டாக் (சிறு புள்ளி வெல்டு) மட்டும் வைத்து, வீலை மாட்டிக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். ரிம்முக்குள் ஒட்டியிருக்கும் பேலன்ஸ் எடைக்கட்டியும் காலிப்பரில் இடிக்கக் கூடாது. முழு வெல்டிங்குக்கு முன் பேரிங்கையும் ஆயில் சீலையும் வெளியே எடுத்துவிடுங்கள்.