மகரந்தக் காலம்: பூக்களைப் பழிக்காதீர்கள்

வசந்தம் வந்ததும் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கினால், பலரும் தோட்டத்துப் பூக்களையே சந்தேகிக்கிறார்கள். பாவம், அவை பெரும்பாலும் நிரபராதிகள். வண்ணப் பூக்களின் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது. பூச்சிகள்தான் அதைச் சுமந்து செல்கின்றன. தொல்லை தருவது காற்றில் பறக்கும் நுண்ணிய மகரந்தத் தூள். பிர்ச், ஓக் போன்ற மரங்கள் வசந்தத்தின் தொடக்கத்திலும், புற்கள் அதன் பிற்பகுதியிலும் அதை உதிர்க்கின்றன. ஜப்பானில் சுகி என்னும் ஊசியிலை மரம் பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிடும். ஆகவே உங்கள் பகுதியின் மகரந்த அறிக்கையைப் பார்க்கும்போது மொத்த அளவோடு நிறுத்தாமல், எந்தச் செடியின் மகரந்தம் என்பதையும் கவனியுங்கள். உங்களுக்கு ஒவ்வாதது அதுவாக இல்லாவிட்டால் 'மிக அதிகம்' என்ற எச்சரிக்கைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

வெயிலும் காற்றும் சேர்ந்த வறண்ட நாள்களில் ஜன்னலை மூடிவையுங்கள், துணியை வெளியே உலர்த்தாதீர்கள். இரவில் தலைக்குக் குளித்துவிட்டுப் படுப்பது நல்லது. கூந்தலில் ஒட்டியது தலையணைக்கு வராது.

மழை காற்றைக் கழுவும். ஆனால் இடிமழை வேறு கதை: ஈரத்தில் மகரந்தத் துகள்கள் வெடித்துச் சிதறி நுரையீரல்வரை போகும். 2016 நவம்பரில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், அங்கு வசந்தகாலமாக இருந்தபோது, அப்படித்தான் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறலுடன் மருத்துவமனைக்கு ஓடினார்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் புல் மகரந்தக் காலத்தில் இடி இடித்தால் வீட்டுக்குள்ளேயே இருங்கள், இன்ஹேலரும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே முழுப் பலன் தரச் சில நாள்கள் ஆகும். சீசனுக்குச் சற்று முன்பே மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.