வரைபடம் ஓட்டுப் போடுவதில்லை

போன மாதம் ஒரு தம்பி, அமெரிக்க வாக்காளர்களைப் பற்றித் தான் எழுதிய கட்டுரையைப் பார்த்துச் சொல்லும்படி அனுப்பியிருந்தார். முதல் வரி இப்படி: "ஆலைகள் மூடியதால் வேலையிழந்த வெள்ளையினத் தொழிலாளர்கள் டிரம்பை அதிபராக்கினார்கள்." வாசித்ததும் வயிற்றைப் பிசைந்தது. 2016 நவம்பரில் ஒரு வார இதழுக்கு நான் எழுதிய கட்டுரையும் ஏறக்குறைய இந்த வரியில்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு அமெரிக்கத் தேர்தலுக்கும் யாராவது ஒருவர் இதையே புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டு வருகிறார்.

மில்லியனை லட்சமாக்கும்போது ஒரு பூஜ்ஜியத்தை விழுங்குவது, செனட்டையும் பிரதிநிதிகள் சபையையும் மாற்றி எழுதுவது போன்ற பிழைகளை இங்கே பேசப்போவதில்லை. அவற்றைப் பிழை திருத்துபவரே பிடித்துவிடுவார். அவர் கண்ணுக்கும் தப்பி அச்சேறுபவைதான் ஆபத்தானவை. அமெரிக்க வாக்காளர்களைப் பற்றி எழுதும்போது நாம் செய்யும் அந்த வகைத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கவுன்ட்டியைப் பார்த்து ஆளை எழுதுவது

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உழைக்கும் மக்களைப் பற்றி ஆறு வாரத் தொடர் கேட்டார்கள். முதல் வாரத்துக்கு ஒஹையோ மாநிலத்தின் யங்ஸ்டவுனை எடுத்துக்கொண்டேன். எழுத்தாளனுக்கு அல்வா மாதிரியான ஊர். 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, அங்கே ஒரு பெரிய எஃகு ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். சுமார் 5,000 பேருக்கு வேலை போனது. ஊர்க்காரர்கள் அந்த நாளை இன்றும் 'கறுப்புத் திங்கள்' என்கிறார்கள். 1930-ல் 1,70,000 பேர் வாழ்ந்த நகரத்தில் 2020-ல் சுமார் 60,000 பேர்தான். இதையெல்லாம் உருக்கமாக எழுதி, "அந்தக் கோபம்தான் யங்ஸ்டவுனை டிரம்ப் பக்கம் சாய்த்தது" என்று முடித்தேன்.

ஒஹையோவில் வசிக்கும் ஒரு தமிழ் வாசகர் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். யங்ஸ்டவுன் இருக்கும் மஹோனிங் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி) 2016-ல் முந்தியவர் ஜனநாயகக் கட்சியின் ஹிலாரி கிளின்டன். குறைந்த வித்தியாசம்தான், ஆனாலும் அவர்தான். டிரம்ப் பக்கம் போனது பக்கத்திலுள்ள டிரம்புல் கவுன்ட்டி. பெயர் ஒற்றுமை வேறு! வரைபடத்தில் டிரம்பின் குடியரசுக் கட்சிக்கான சிவப்பு நிறத்தில் தெரிந்த பகுதி யங்ஸ்டவுன்தான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். மஹோனிங் குடியரசுக் கட்சியிடம் போனது 2020-ல்தான். ஆறு வாரத் தொடர் இரண்டாவது வாரத்தோடு நின்றது.

அன்று ஊரை மாற்றி எழுதியதுதான் தவறு என்று நினைத்துக்கொண்டேன். உண்மையான தவறு அதைவிட ஆழத்தில் இருந்தது என்று புரிய இன்னும் சில வருடங்கள் ஆயின. மஹோனிங்கே டிரம்புக்குப் போயிருந்தாலும் என் வரி தப்புதான். ஒரு கவுன்ட்டி ஏழ்மையானது, அந்தக் கவுன்ட்டியில் டிரம்ப் ஜெயித்தார். இந்த இரண்டும் தெரிந்தால், அங்குள்ள ஏழைகள்தான் அவருக்குப் போட்டார்கள் என்று ஆகிவிடுமா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரி. பானையைப் பார்த்துப் பதம் சொல்ல முடியாது.

மிசிசிப்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மிக ஏழ்மையான மாநிலம். 1980 முதல் எல்லா அதிபர் தேர்தலிலும் குடியரசுக் கட்சிக்கே போகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் 'ஏழைகள் வலதுசாரிகள்' என்று எழுதத் தோன்றும். உள்ளே போனால், அம்மாநிலத்தின் பரம ஏழைகள் வாழும் டெல்டா கவுன்ட்டிகள் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. அங்கே பெரும்பான்மை கறுப்பின மக்கள்.

2016-ல் வாக்காளர்களையே கேட்டு எடுத்த கணிப்பில், ஆண்டுக் குடும்ப வருமானம் 50,000 டாலருக்குக் கீழ் உள்ளவர்களிடம் கிளின்டன் சுமார் 53-க்கு 41 என முந்தியிருந்தார். பட்டப்படிப்பு இல்லாத வெள்ளையினத்தவரில் மூன்றில் இரண்டு பங்கினர் டிரம்ப் பக்கம் என்பதும் அதே கணிப்பில் உண்டு. ஆனால் பட்டம் இல்லாதவர் என்றால் பணம் இல்லாதவர் என்று பொருளா? பிளம்பிங் கம்பெனி நடத்துபவரும், நாலு லாரி வைத்திருப்பவரும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். நான் எழுதியதென்னவோ வேலைபோன எஃகுத் தொழிலாளியைப் பற்றி.

இன்னொன்று: யார் மாறினார் என்பதற்கும் யார் வரவில்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. விஸ்கான்சினில் டிரம்ப் 2016-ல் ஜெயித்தபோது வாங்கிய ஓட்டு சுமார் 14 லட்சத்து 5 ஆயிரம். 2012-ல் அதே மாநிலத்தில் தோற்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் மிட் ரோம்னி அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே வாங்கியிருந்தார்! ஜனநாயகக் கட்சிதான் ஒபாமாவின் 16.2 லட்சத்திலிருந்து 13.8 லட்சத்துக்கு இறங்கியது. டிரம்ப் ஜெயித்த வித்தியாசம் 23,000-கூட இல்லை. உள்ளுக்குள் ஆட்கள் இடம் மாறியதும் உண்மை: கிராமங்களில் அவருக்குக் கூடியது, மில்வாக்கியின் வசதியான புறநகர்களில் குறைந்தது. சிலர் மூன்றாவது கட்சிகளுக்குப் போட்டார்கள். ஆனால் மில்வாக்கி நகரத்தில் மட்டும் முந்தைய தேர்தலைவிடச் சுமார் 40,000 ஓட்டுகள் குறைந்ததே, அதை என் கட்டுரையில் எங்கே வைத்தேன்? எங்கும் வைக்கவில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டவரை எந்த வரைபடமும் வண்ணம் தீட்டிக் காட்டாது. பொருளாதாரத்தால் ஓரங்கட்டப்பட்டவர்களைப் பற்றி எழுதுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, ஓட்டுச்சாவடிப் பக்கமே வராத அந்த ஏழைகளை விட்டுவிடுவது எப்பேர்ப்பட்ட கூத்து!

எரிச்சல் இதோடு தீர்வதாக இல்லை. 2024-ல் என் பழைய வரி பாதி உண்மையாகித் தொலைத்தது. அந்தத் தேர்தலின் கணிப்பில் 50,000 டாலருக்குக் கீழ் உள்ளவர்களிடம் டிரம்ப் சற்று முந்தினார். 1,00,000 டாலருக்கு மேல் உள்ளவர்களிடம் கமலா ஹாரிஸ் முந்தினார். "நீங்கள் அன்றைக்கே சொன்னீர்கள் சார்" என்று ஒருவர் பாராட்டினார். நான் சொன்னது வேறு காலம், வேறு ஆட்கள். டெக்சாஸின் ஸ்டார் கவுன்ட்டியில் சுமார் 97% பேர் ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்கள். 2016-ல் கிளின்டனுக்குச் சுமார் 79% கொடுத்த இடம். 2024-ல் நூறு வருடங்களுக்கு மேல் இல்லாத வழக்கமாகக் குடியரசுக் கட்சியிடம் போனது. இடையில், 2022 ஜூனில் விலைவாசி உயர்வு 9.1 சதவீதத்தைத் தொட்டிருந்தது. (இங்கேயும் கவுன்ட்டியைத்தானே காட்டுகிறாய் என்று கேட்பீர்கள். கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே சமூகத்தவராக இருக்கும் இடத்தில் ஊகத்துக்கு இடம் குறைவு. மஹோனிங் அப்படி இல்லை.)

சிவப்பு

இடதுசாரி நிறமல்ல. அமெரிக்காவில் அது குடியரசுக் கட்சி. அதுவும் 2000 தேர்தலுக்குப் பிறகு நிலைத்த வழக்கம்.

துருவமயமாதலைக் கொள்கைச் சண்டை என்று எண்ணுவது

நாடு இரு கட்சி முகாம்களாகப் பிளந்து நிற்கும் இந்தச் சண்டையில் பாதிதான் கொள்கை. மீதி, எதிராளியைக் கண்டாலே ஆகாது என்ற உணர்ச்சி. பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, ஜனநாயகக் கட்சியை மிகவும் வெறுத்த குடியரசுக் கட்சியினர் 1994-ல் 17%, 2014-ல் 43%. எதிர்ப்பக்கத்தில் 16 என்பது 38 ஆனது. பிள்ளை எதிர்க்கட்சிக் குடும்பத்தில் சம்பந்தம் செய்தால் வருத்தப்படுவீர்களா என்று 1960-ல் கேட்டபோது ஆமென்றவர்கள் இரு கட்சியிலும் நூற்றுக்கு நாலைந்து பேர்தான். 2010-ல் குடியரசுக் கட்சியினரில் ஏறக்குறைய பாதிப் பேர், ஜனநாயகக் கட்சியினரில் மூன்றில் ஒருவர். சாதி பார்த்துச் சம்பந்தம் பேசும் ஊரிலிருந்து வாசிக்கும் நமக்கு இது விளங்காமல் போகாது.

கொள்கையைத் தனியாக வைத்துக் கேட்டால் கதையே மாறுகிறது. 2020-ல் ஃபுளோரிடா டிரம்புக்கு 51% கொடுத்தது. அன்றைக்கே, அதே வாக்குச்சீட்டில், குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தும் யோசனைக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவு விழுந்தது. நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலி 2009 ஜூலையிலிருந்து 7.25 டாலரில் நிற்கிறது. மிசோரியிலும் 2024-ல் அப்படித்தான்: டிரம்பும் ஜெயித்தார், கூலி உயர்வும் ஊதியத்தோடு நோய் விடுப்பும் ஜெயித்தன. மறு வருடமே அம்மாநிலச் சட்டமன்றம் அந்த விடுப்பை ரத்து செய்துவிட்டது. "என் ஓட்டுக்கு என்ன மதிப்பு" என்று அங்கே ஒருவர் அலுத்துக்கொண்டால், அதைக் கட்சிப் பற்று என்று எழுதாதீர்கள்.

மாநிலத்துக்கு ஒரே குணம் கொடுப்பது

2020-ல் டிரம்புக்கு அதிக ஓட்டு விழுந்த மாநிலம், ஜனநாயகக் கட்சியின் கோட்டை என்று நாம் எழுதும் கலிஃபோர்னியா. குடியரசுக் கட்சியின் கோட்டையான டெக்சாஸ்கூட அதற்குப் பின்னால்தான்.

துளசேந்திரபுரம்

ஹாரிஸின் தாய்வழித் தாத்தா ஊர். அதைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் போதும்.

'ஓட்டுரிமை இழப்பு' என்பதை உவமையாக மட்டும் பயன்படுத்துவது

ஓரங்கட்டப்பட்டவர்களை எல்லாம் 'ஓட்டுரிமை இழந்தவர்கள்' என்று அலங்காரமாக எழுதுகிறோம். நிஜமாகவே, பணம் இல்லாததால், இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஓட்டுப் போட வருபவரிடம் 'வாக்கு வரி' வாங்குவதை 1964-ல் கூட்டாட்சித் தேர்தல்களுக்கு அரசியல் சட்டத் திருத்தமும், 1966-ல் மாநிலத் தேர்தல்களுக்கு உச்ச நீதிமன்றமும் ஒழித்தன. அந்த வழக்கில் வர்ஜீனியா கேட்ட வரி ஒன்றரை டாலர். 2018-ல் ஃபுளோரிடா மக்கள், தண்டனை முடித்தவர்களுக்கு வாக்குரிமையைத் திருப்பித் தரச் சுமார் 64% ஆதரவளித்தார்கள். கொலை, பாலியல் குற்றங்களுக்கு மட்டும் விலக்கு. சுமார் 14 லட்சம் பேர் பயன்பெறுவார்கள் என்று பேச்சு. அடுத்த வருடம் சட்டமன்றம் ஒரு கொக்கி போட்டது: நீதிமன்ற அபராதம், கட்டணம், இழப்பீடு எல்லாவற்றையும் கட்டி முடித்தால்தான் ஓட்டு. எவ்வளவு பாக்கி என்று பார்த்துச் சொல்ல மாநிலம் முழுமைக்கும் ஒரே பதிவேடு அப்போது இல்லை. 2020 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அப்போது அதிபர் தேர்தலுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

தம்பியின் கட்டுரையில் இவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. யங்ஸ்டவுன் மட்டும் மூன்று இடத்தில் இருந்தது.