ஒரு பூவின் போட்டோவிலிருந்து ஆர்ட் குயில்ட்: முதல்முறை செய்பவர்களுக்கு

துணித் துண்டுகளை ஒட்டி, அடுக்கித் தைத்துச் சுவரில் மாட்டும் படம்தான் ஆர்ட் குயில்ட். இப்படித் துணியில் பூ கொண்டுவர ஓவியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கோடுகளை போட்டோவே கொடுத்துவிடும். நீங்கள் பழக வேண்டியது, எது வெளிச்சம், எது நிழல் என்று பிரித்துப் பார்ப்பதைத்தான். அது சரியாக அமைந்துவிட்டால் நீல நிறச் செம்பருத்திகூட நிஜப் பூவாகத் தெரியும்.

1. படம்
நீங்களே எடுத்த படம் நல்லது. அடுத்தவர் படமென்றால் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே பூ, பக்கவாட்டில் வெயில் விழுந்திருக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் நிழல் இருக்காது, தட்டையாகத் தெரியும். செம்பருத்தி மாதிரி பெரிய இதழ்கள் உள்ள பூவாக எடுங்கள். சாமந்தியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அளவு 40 செ.மீ. சதுரம் போதும்.

2. வரைபடம்
போட்டோ ஆப்பில் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, 'போஸ்டரைஸ்' வசதியில் 4 அடுக்குகளாகக் குறையுங்கள். மெல்லிய நிழல்களெல்லாம் போய், திட்டுத் திட்டாக நிற்கும். அதை முழு அளவில் அச்சிட்டு, திட்டுகளின் ஓரத்தைக் கறுப்புப் பேனாவால் வரையுங்கள். பொடிப் பொடித் திட்டுகளைப் பக்கத்துத் திட்டோடு சேர்த்துவிடலாம். ஒவ்வொன்றுக்கும் பெயர் வையுங்கள்: 'இ2-3' என்றால் இரண்டாம் இதழ், மூன்றாம் அடர்த்தி. வெட்டிக் குவித்த பிறகு இந்தப் பெயர்தான் கைகொடுக்கும்.

3. துணி
நெருக்கமாக நெய்த பருத்தித் துணி வேண்டும். மெழுகு தடவிச் சாயமேற்றிய பாட்டிக் துணி இதற்கு ரொம்பப் பொருத்தம், ஓரம் அவ்வளவாகப் பிரியாது. முதலில் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பசை சரியாகப் பிடிக்காது. துணிகளை வரிசையாக அடுக்கி, போனில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பளிச்சென்ற சிவப்பும் கரும்பச்சையும் அதில் ஒரே சாம்பலாகத் தெரியலாம். அப்படித் தெரிந்தால் ஒன்றை மாற்றுங்கள். இந்த ஒரு சோதனையை மட்டும் தவிர்க்கவே வேண்டாம்.

4. வெட்டி ஒட்டுதல்
ஃபியூசிபிள் வெப் தேவை; இது இஸ்திரி சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும், ஒரு பக்கம் காகிதம் உள்ள பசைத்தாள். அதன் காகிதப் பக்கத்தில் வரைந்தால் வடிவம் இடம் வலமாகத் திரும்பிவிடும். அதனால் வரைபடத்தைக் கவிழ்த்து, பின்பக்கம் தெரியும் கோடுகளைப் பார்த்து வரையுங்கள். துணியின் உள்பக்கத்தில் ஒட்டி, கோட்டிலேயே வெட்டுங்கள். வேறொரு துண்டுக்கு அடியில் போகும் ஓரத்துக்கு மட்டும் 6 மி.மீ. கூடுதலாக விடுங்கள். அது இல்லாவிட்டால் இடையில் பின்னணித் துணி எட்டிப் பார்க்கும்.

வரைபடத்தை நேராகத் திருப்பி வைத்து, அதன்மேல் பசை ஒட்டாத, கோடுகள் ஊடே தெரியும் டெஃப்ளான் தாள் விரியுங்கள். காகிதத்தை உரித்து, பின்னால் இருக்கும் இதழிலிருந்து முன்னால் வரை துண்டுகளை அடுக்குங்கள். இஸ்திரிப்பெட்டியை இழுக்காமல், தூக்கித் தூக்கி அழுத்துங்கள். ஆறியதும் முழுப் பூவும் ஒரே துண்டாக உரிந்து வரும். அதைப் பின்னணித் துணியில் வைத்து ஒட்டிவிடுங்கள்.

5. தையல்
பின்துணி, பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு), பூ ஒட்டிய மேல்துணி என்று அடுக்கிக் குண்டூசி குத்துங்கள். கீழ் இரண்டும் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. பெரிதாக இருக்கட்டும்; தைக்கத் தைக்க மேல்துணி சுருங்கும். துணியை நகர்த்தும் மெஷினின் பற்களை இறக்கிவிட்டு, துணியை எந்தப் பக்கமும் நகர்த்தவிடும் டார்னிங் ஃபுட் மாட்டி, துணியைக் கையால் நகர்த்தித் தைக்க வேண்டும். கழிவுத் துணியில் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் தைத்துப் பிடியுங்கள். பிறகு பூவின் நடுவிலிருந்து இதழ் நுனிக்கு, நரம்பு ஓடும் திசையிலேயே, துணியைவிட ஒரு சாயல் அடர்ந்த நூலில் தையுங்கள். இதழ் வளைவது இங்கேதான் தெரியும். இதழில் தையல் குறைவாகவும் பின்னணியில் நெருக்கமாகவும் இருந்தால் பின்னணி அமுங்கி, பூ மேலே எழும்பி நிற்கும்.

6. முடித்தல்
ஓரங்களை நேராக வெட்டி, சுற்றிலும் துணிப்பட்டி வைத்து பைண்டிங் கட்டுங்கள். பின்பக்கம் மேலே கம்பி நுழைய ஒரு துணிக்குழாய் தைத்து, நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். வெயில் பட்டால் சாயம் வெளிறிவிடும்.