அம்மா சொன்ன தேதிய கேஸ் ஷீட்ல எழுதாதீங்க

போன வாரம் கேஷுவாலிட்டில புதுசா வந்த சிஆர்ஆர்ஐ பையன், அதாவது ஹவுஸ் சர்ஜன், ஒரு காலேஜ் பொண்ணுகிட்ட ஹிஸ்டரி எடுத்துட்டிருந்தான். கேள்வி பொண்ணுகிட்ட, பதில் அம்மாகிட்டருந்து, தலைய ஆட்டிக்கிட்டே எழுதுறது இவன். 12 வருஷம் முன்னாடி நானும் அச்சு அசல் இப்படித்தான். போன நோண்டாதீங்க, பேஷன்ட்டுகிட்ட கத்தாதீங்கன்னெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்ல. நல்லவங்களே தெரியாம பண்றத மட்டும் சொல்றேன்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ சாயங்காலம் ஒரு 19 வயசு பொண்ணு வந்தா. அடிவயிறு வலி, காலைல ஒரு தடவ மயக்கம். கல்யாணம் ஆயிடுச்சாமான்னேன், இல்லன்னா. கடைசியா எப்போ தலைக்கு குளிச்சன்னு கேட்டேன், அவ வாய தொறக்கறதுக்குள்ள அம்மா, "போன மாசம் கரெக்டா வந்துச்சு டாக்டர், ஒழுங்கா சாப்புடறதில்ல, அதான்." நானும் அத எல்எம்பின்னு, அதாவது கடைசி மாதவிடாய் தேதின்னு எழுதி, கேஸ்ட்ரைட்டிஸ்னு போட்டு, ஒரு ஊசியும் மாத்திரையும் குடுத்து அனுப்பிட்டேன்.

நைட்டு ரெண்டரைக்கு ஸ்ட்ரெச்சர்ல திரும்ப வந்தா. உதடு வெளுத்துப் போயி, பல்ஸ் ஓடுது, பிபி கிடைக்கல. யூபிடி, அதாவது யூரின்ல கர்ப்பம் பாக்குற டெஸ்ட் கார்டுல ரெண்டு கோடு. கரு ட்யூப்ல தங்கி வெடிச்சு வயிறு ஃபுல்லா ரத்தம், அப்படியே தியேட்டருக்கு தள்ளிட்டு ஓடுனோம். பொழச்சிட்டா, ஒரு பக்க ட்யூப் போச்சு. சாயங்காலமே தோள்பட்டை வலிக்குதுன்னும் சொல்லியிருந்தா, பஸ்ல நின்னுட்டே வந்தா அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டேன். வயித்துல ரத்தம் சேர்ந்தா தோள்ல வலிக்கும்னு எக்ஸாம்ல எழுதி மார்க் வாங்குனவ நான்.

மறுநாள் சீஃப் திட்டல. கேஸ் ஷீட்ட எம்பக்கம் திருப்பி, "இது யாரு சொன்ன எல்எம்பி?"ன்னு மட்டும் கேட்டாங்க.

இன்னைக்கும் எரிச்சல் எதுக்குன்னா, அந்தப் பொண்ணு ஒரு பொய்யும் சொல்லல. நமக்கு தெரிய வேண்டியது வேற, அத கேக்க கூச்சப்பட்டு தாலிய பத்தி கேக்குறோம். இப்போ நான், அந்த வயசுல வயித்து வலி, மயக்கம்னு யார் வந்தாலும், எல்லாருக்கும் பாக்குறதுதான்னு சொல்லி யூபிடி பாத்துடுவேன். அம்மாவ சீட்டு போட்டுட்டு வாங்கன்னு அனுப்பிட்டு, சிஸ்டர பக்கத்துல வச்சுக்கிட்டு, உடலுறவு இருந்திருக்கான்னு நேராவே கேப்பேன். சில பேர் "கான்டாக்ட்" இருந்துச்சான்னு கேக்குறாங்க, பொண்ணு போன எடுத்து நீட்டாத கொறதான்.

18 முடிஞ்சிருந்தா கருக்கலைப்புக்கு அவ சம்மதம் மட்டும் போதும், 1971 சட்டத்துலயே அப்படித்தான் இருக்கு. 2021 திருத்தத்துல கணவர்ங்கற எடத்துல பார்ட்னர்னு மாத்துனாங்க, 2022ல சுப்ரீம் கோர்ட் கல்யாணம் ஆகாதவங்களுக்கும் 24 வாரம் வரைக்கும் வழி விட்டுச்சு, நம்ம ஓபி மட்டும் இன்னும் கழுத்த பாத்துட்டு உக்காந்திருக்கு. ஆனா 18க்கு கீழன்னா போக்சோல தகவல் சொல்லியாகணும், அதனால யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவசரப்பட்டு வாக்கு குடுத்துடாதீங்க.

ஸ்கேன் நார்மல்னா வலி பொய்னு முடிவு கட்றது

எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பை உள்பக்க சவ்வு மாதிரி திசு வெளியில வளர்றது, சாதாரண ஸ்கேன்ல தெரியாமலே இருக்கலாம், பீரியட்ஸ் வர்ற வயசு பொம்பளைங்கள்ல 10ல ஒருத்தருக்கு இருக்குற நோய் இது. "எல்லாருக்கும் வர்ற வலிதானே"ன்னு தள்ளாம, வலியால மாசம் எத்தன நாள் காலேஜ் போகலன்னு கேளுங்க, மாத்திரை போட்டும் நிக்கலையான்னு கேளுங்க.

"கல்யாணம் ஆனா சரியாயிடும்"

வாயில வரவே கூடாது.

அவசர பிசிஓடி முத்திரை

வயசுக்கு வந்து 8 வருஷம் ஆகாத பொண்ணுக்கு ஸ்கேன வச்சு பிசிஓடின்னு, அதாவது ஓவரில நீர்க்கட்டின்னு எழுதாதீங்க, 2018 சர்வதேச கைட்லைனே வேணாம்னு சொல்லுது. அந்த வயசு ஓவரி இயல்பாவே அப்படி தெரியும். நீங்க எழுதுன அந்த ஒரு வரிய வச்சு வீட்ல "கொழந்த பொறக்குமா"ன்னு அழுகை ஆரம்பிச்சிடும்.

ஸ்க்ரீன்

ஓபில அடுத்த பேஷன்ட் ரெண்டடி தள்ளி பெஞ்ச்ல காத தீட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. ரூம்ல ஸ்க்ரீன் இல்லாம இல்ல, மூலைல நிக்கும், மேல யாரோ கோட்ட தொங்க விட்டிருப்பாங்க. அத எடுத்துட்டு ஸ்க்ரீன நடுவுல இழுத்து போடுங்க.