காசாளரிடம் சிபில் அறிக்கை கேட்பதற்கு முன்

பெங்களூரு பீன்யாவில் பட்டறையும் சிவாஜிநகரில் கடையும் நடத்தும் நம்மவர்கள், ஆள் எடுக்கும்போது சிபிலையும், அதாவது ஒருவர் வாங்கிய கடன்களையும் கட்டிய தவணைகளையும் காட்டும் அறிக்கையையும், பார்த்துவிடலாமா என்று இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கடன் தவணைகளைத் தவறவிட்ட ஒருவரின் நியமனத்தைப் பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்தது செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-இல் சொன்னது பலருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் தவணை தவறியவர்களுக்குத் தகுதியில்லை என்ற நிபந்தனையை அந்த வங்கி தனது வேலைவாய்ப்பு அறிவிக்கையிலேயே வைத்திருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

ஆகவே முதலில் பதவியைப் பாருங்கள். லேத் ஓட்டுபவரிடமும் பொட்டலம் கட்டுபவரிடமும் கடன் விவரம் கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை. கல்லாவில் அமர்பவர், நிறுவனத்தின் பணத்தைத் தன் கையொப்பத்தால் வெளியே அனுப்பக்கூடியவர் ஆகியோரிடம் மட்டும் கேட்கலாம். அதையும் விளம்பரத்திலேயே தெரிவித்துவிட வேண்டும்.

நேர்காணல் முடிந்து, ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகே அறிக்கையைக் கேளுங்கள். எதற்காகப் பார்க்கிறீர்கள், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதை எழுதிக் கொடுத்து ஒப்புதல் பெறுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும், ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி, ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை அவரவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பதால், விண்ணப்பதாரரே எடுத்துத் தரட்டும். தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் அதிலுள்ள ஸ்கோர், அதாவது கடன் மதிப்பெண், குறையாது. அவருடைய ஓடிபியைக் கேட்டு வாங்கி நீங்களே திறந்து பார்ப்பது அறவே கூடாது.

படிப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 300 முதல் 900 வரையிலான அந்த ஸ்கோர் எண், கடன் கொடுப்பவருக்காகக் கணக்கிடப்பட்டதே தவிர, ஒருவரின் நேர்மையை அளப்பதற்காக அன்று. எண்ணை விட்டுவிட்டு மாதவாரியான தவணைப் பதிவைப் பாருங்கள்: ஒரே காலகட்டத்தில் நான்கு மாதம் தவறிப் பின் சீரானால், அது மருத்துவச் செலவாகவோ, பழைய முதலாளி சம்பளத்தை நிறுத்திவைத்ததாகவோ இருக்கலாம். (அப்படிப்பட்டவருக்கு வேலையும் மறுத்தால் அவர் தவணையை எதைக் கொண்டு கட்டுவார்?) அண்ணன் வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்டதுகூட அறிக்கையில் ஏறும். கிருஷ்ணகிரியிலிருந்து புதிதாக வந்த, கடனே வாங்காத இளைஞருக்கு ஸ்கோரே இராது, அது குறையன்று.

பதிவு தவறென்று விண்ணப்பதாரர் சொன்னால், அறிக்கை தந்த நிறுவனத்திடம் திருத்தக் கோரிக்கை கொடுக்கச் சொல்லுங்கள். அதை 30 நாட்களுக்குள் தீர்க்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதுவரை பணம் கையாளாத வேறு இருக்கையில் அவரை அமர்த்தலாம். மறுப்பதே முடிவென்றால், காரணத்தை எழுத்தில் தந்து, உங்களிடமுள்ள பிரதியை அவர் முன்னிலையிலேயே அழித்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்ததையும் சேர்த்து.